வாய் மூடாத ஆட்டம்

அந்தக் குடும்பத்தில் பங்கு போட முடியாத எதையும் சீட்டாடித்தான் தீர்ப்பார்கள்.

வழக்கத்தைக் கொண்டுவந்தவர் வீட்டுப் பெரியவர். சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். கப்பலில் ஆட்கள் படுக்கும் அறையில் ஒரே ஒரு கட்டிலுக்குத்தான் ஜன்னல் உண்டாம். அதற்காக அடித்துக்கொண்டால் வேலை போய்விடும். அதனால் ஒவ்வொரு பயணம் கிளம்பும்போதும் உட்கார்ந்து போக்கர் ஆடுவார்கள். ஜெயித்தவனுக்கு ஜன்னல் கட்டில். தோற்றவர்கள் அவன் பெட்டியைத் தூக்கிவந்து கட்டிலுக்கு அடியில் வைக்க வேண்டும். பெட்டியைத் தூக்கலாம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. அதுதான் விதி. கடலை விட்டு வந்த பிறகும் அவர் இந்த விதியை விடவில்லை. பிள்ளைகள் மூவரும் சின்ன வயதில் பஸ்ஸில் ஜன்னலோரத்துக்காக ஆடினார்கள். வளர்ந்த பிறகு மொட்டைமாடி அறைக்காகவும் அம்மாவின் சுவர்க்கடிகாரத்துக்காகவும் ஆடினார்கள்.

இப்போது ஆட வேண்டியிருந்தது முன்னறைக்காக.

தெருவைப் பார்த்த அந்த அறையில் நெடுங்காலமாக ஒரு கடிகார ரிப்பேர்க்காரர் வாடகைக்கு இருந்தார். அவர் மகளோடு போய் இருக்கப்போவதாகச் சொன்ன அன்றே வீட்டில் எல்லாருடைய கண்ணும் அந்த அறை மேல் விழுந்துவிட்டது. மூத்த மகன் பழைய கார் வாங்கி விற்பவர். அவருக்கு ஓர் ஆபீஸ் வேண்டும். அவருக்கு அடுத்து மகள், தையல்காரர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். துணி கொண்டுவருகிறவர்கள் மூச்சு வாங்க மாடி ஏறி வர வேண்டியிருக்கிறது என்பது அவருடைய நியாயம். கடைசி மகன் பஸ் டிரைவர். அவனுக்கு அந்த அறை தேவையில்லை. அவன் மனைவிக்குத் தேவை.

அவளை அந்த வீட்டில் எல்லாரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தவர் அவள் மாமனார், அந்தப் பெரியவர்தான். கல்யாணமாகி வந்த புதிதில் அவளுடைய பேச்சைக் கேட்டுவிட்டு, "கப்பல்ல ஒரு ரேடியோ வெச்சிருந்தோம், இப்படித்தான், அணைக்கிற பட்டன் வேலை செய்யாது" என்றார். அவளுக்குக் கோபம் வரவில்லை. உண்மைதானே என்று அதைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசினாள்.

ரேடியோ முடிவெட்டுபவள். இரண்டு தெரு தள்ளி ஒரு பியூட்டி பார்லரில், வெந்நீர் ஹீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் கடைசி நாற்காலி அவளுடையது. கடைசி நாற்காலியாக இருந்தாலும் வருகிறவர்களில் பாதிப் பேர் அவளைக் கேட்டுத்தான் வருவார்கள். ஆனால் முதலாளியம்மா எங்கேயோ ஒரு பெரிய கடையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அங்கே மெல்லிய இசை மட்டும்தான் கேட்குமாம், ஒருத்தரும் பேச மாட்டார்களாம். வந்த மறுநாளே சுவரில் 'அமைதி' என்று ஒரு போர்டு ஏறிவிட்டது.

"உன்னால முடியலேன்னா சொல்லிடு," என்றார் முதலாளியம்மா. "அடுத்த மாசத்துலேருந்து தலை அலசுற வேலை மட்டும் தர்றேன். அதுக்குப் பேச வேண்டியதே இல்ல. தண்ணி சத்தத்துல நீ பேசினாலும் கேக்காது."

தலை அலசுவதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் கத்தரியைக் கீழே வைத்தால் மறுபடி யார் எடுத்துத் தருவார்கள்? முன்னறை கிடைத்தால் ஒரு கண்ணாடியை மாட்டி, ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு சொந்தமாக ஆரம்பித்துவிடலாம். அன்று சாப்பிடும்போது கணவனிடம் சொன்னாள்.

"இந்தத் தடவை நான் ஆடுறேன்."

டிரைவர் சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தினான். குடும்பத்துக்கு ஓர் ஆள் என்று அவர்கள் பங்குக்கு எப்போதும் ஆடுகிறவன் அவன்தான்.

"உனக்கு ஆட்டம் தெரியுமா?"

"உங்களுக்குத் தெரியும். அதனால என்ன ஜெயிச்சோம்?"

மொட்டைமாடி அறை அண்ணனுக்குப் போனது. சுவர்க்கடிகாரம் அக்காவுக்குப் போனது. அவனுக்கு மிஞ்சியது இருவருக்கும் சாமான் தூக்கியதால் வந்த இடுப்பு வலி.

ஆட்டம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆளுக்கு இரண்டு சீட்டு, அவரவர் மட்டும் பார்க்கலாம். மேசை நடுவில் ஐந்து சீட்டுகள்: முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று என்று திறக்கப்படும். அவை எல்லாருக்கும் பொது. கையிலும் மேசையிலும் உள்ளதைச் சேர்த்து யாருடைய ஐந்து சீட்டு உயர்ந்ததோ, நடுவில் சேர்ந்த பந்தயம் அவருக்கு. சீட்டு சரியில்லை என்றால் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். சரியில்லாத சீட்டை வைத்துக்கொண்டே பந்தயத்தை ஏற்றி மற்றவர்களை மிரட்டி ஒதுக்கவும் செய்யலாம். பணம் வைத்து ஆடுவது மாமனாருக்குப் பிடிக்காது. தையல் கூடையிலிருந்து வரும் பொத்தான்கள்தான் பந்தயம். முடிவு தெரிய வேண்டிய நாளில் கடைசிப் பொத்தான்வரை ஆட்டம் நடக்கும்.

வீட்டில் ஆளுக்கொரு பாணி. பெரியத்தான், அதாவது கார்க்காரர், ஓடாத வண்டியைக்கூட எஞ்சினை உறும வைத்துக் காட்டித்தான் விற்பார். சீட்டிலும் அப்படியே. கை நிறையப் பொத்தான்களை அள்ளி நடுவில் கொட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்வார். எதிரே இருப்பவர்கள் பயந்து கவிழ்த்துவிடுவார்கள். அண்ணி என்று அவள் கூப்பிடும் தையல்கார நாத்தனாரின் வழி வேறு. நாளெல்லாம் குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு வேலை செய்கிறவர். ஊசி இல்லாத நேரத்திலும் உதடு அப்படியே இறுகி இருக்கும். ஆட்களை அளவெடுப்பதுபோல் பார்ப்பார், எப்போதாவது ஒரு முறை ஏற்றுவார், அந்த முறை அநேகமாக மொத்தமும் அவருக்குத்தான்.

டிரைவர் பொறுமைசாலி. ஸ்டாப்பில் மட்டுமே நிற்கும் பஸ்போல, மிக நல்ல சீட்டு வந்தால்தான் ஆடுவான். அதனால் அவன் பொத்தானைத் தொட்டதுமே அண்ணனும் அக்காவும் சீட்டைக் கவிழ்த்துவிடுவார்கள். அவ்வளவு நேரம் காத்திருந்த கைக்கு இரண்டு சட்டைப் பொத்தான் கிடைக்கும்.

அவன் அவளுக்குப் பாடம் எடுத்தான். "முதல் விஷயம், வாயைத் திறக்காத. முகத்துல ஒண்ணும் தெரியக் கூடாது. செவுரு மாதிரி இருக்கணும்."

"செவுத்துலகூட போர்டு மாட்டிப் பேச வெக்கிறாங்க," என்றாள் ரேடியோ. ஆனாலும் சரி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் வீட்டில் சும்மா ஒரு ஆட்டம் நடக்கும். முதல் ஞாயிறு அவள் கணவனுடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். வந்த சீட்டுகளைப் பார்த்துப் புலம்பியும் கவிழ்த்தும் கொஞ்ச நேரம் ஓட்டினாள். திடீரென்று இரண்டு ஏஸ் வந்தது. கணவன் சொன்னது நினைவுக்கு வர, வாயை இறுக மூடி முகத்தைக் கல்லாக்கிக்கொண்டாள்.

பெரியத்தான் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். "ரேடியோ நின்னுடுச்சே. கரன்ட் போச்சா, இல்ல ஏஸ் வந்துச்சா?"

அண்ணி சீட்டைக் கவிழ்த்தார். பெரியத்தானும் கவிழ்த்தார். இரண்டு ஏஸுக்கு ஒரு சட்டைப் பொத்தான் கிடைத்தது. அதுவும் ஓட்டை உடைந்தது.

வாயை மூடுவது சரிப்படவில்லை, அடித்து ஆடலாம் என்று அடுத்த ஞாயிறு பெரியத்தான் பாணியை எடுத்தாள். ஒன்றுக்கும் உதவாத சீட்டை வைத்துக்கொண்டு தன் முன்னால் இருந்த மொத்தத்தையும் நடுவில் தள்ளினாள். தள்ளும்போது ஒரு பொத்தான் உருண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்தாள். நிமிர்ந்தபோது காது இரண்டும் கொதித்தன.

"ஏம்மா," என்றார் மாமனார், "உனக்கு ஜுரமா?"

அண்ணி அவளுடைய காதைப் பார்த்தார். பிறகு, "இருக்கேன்" என்று ஒரே சொல்லைச் சொல்லி அதே அளவு பொத்தானை முன்னால் நகர்த்தினார். ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. பெரியத்தான் வருத்தத்தோடு தலையாட்டினார். "வண்டி நல்லாத்தான் சத்தம் போட்டுச்சு. ஆனா பானெட்டைத் திறந்து வெச்சுக்கிட்டா விக்கிறது?"

மாடி ஏறும்போது டிரைவர், "நானே ஆடிடவா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"வேண்டாம்," என்றாள். அதற்கு மேல் பேசவில்லை. அவள் பேசாமல் மாடி ஏறியது அவனுக்குத்தான் பயமாக இருந்தது.

அந்த வாரம் பார்லரிலும் தன்னால் முடிந்தவரை அமைதியாகவே இருந்தாள். உதட்டை மடித்துக்கொண்டு வெட்டினாள். ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு முன்முடி கோணிவிட்டது. இன்னொருவருக்குக் காதோரம் கத்தரி லேசாகப் பட்டுவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் கையில் அப்படி நடந்ததே இல்லை. முதலாளியம்மா தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

வியாழக்கிழமை அவளுடைய பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் வந்தார், ஆஸ்பத்திரி நர்ஸ். டியூட்டி முடித்து நேரே வந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தில் துணியைக் கட்டிய பிறகும் ரேடியோ ஒன்றும் பேசாததைக் கண்டு கண்ணாடி வழியாக முறைத்தார்.

"என்ன ஆச்சு உனக்கு?"

ரேடியோ போர்டைக் கண்ணால் காட்டினாள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீ பேசாம கத்தரியைப் பிடிச்சா எனக்குப் பயமா இருக்கு. ஊசி போடும்போது நானே பேசிக்கிட்டுதான் போடுவேன். பேசு."

ரேடியோ குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தாள். முதலில் வெயிலைப் பற்றி, பிறகு ஹீட்டர் கரகரக்கும் சத்தம், பிறகு பெரியத்தான் விற்ற காரின் கதவு வாங்கினவர் கையோடு வந்த கதை. இரண்டாவது கதை பாதி போவதற்குள் அவளுடைய விரல்களுக்குப் பழைய நிதானம் வந்துவிட்டது. சீப்பு தானாக எடுத்தது, கத்தரி தானாக வெட்டியது. வாய் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, கண் வேறு எந்த வேலையும் இல்லாமல் கண்ணாடியில் நர்ஸின் முகத்தைப் பார்த்தபடி இருந்தது.

முடித்ததும் நர்ஸ் அவளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "நல்லா இருக்கு."

"இல்ல, பின்னாடி இன்னும் குறைக்கணும். அதானே?"

"அட, ஆமா. எப்பவும் எப்படிக் கண்டுபிடிக்கிற?"

கண்டுபிடிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. வெட்டியது பிடித்துவிட்டால் ஆட்கள் கண்ணாடியில் தங்களைத்தான் பார்ப்பார்கள். தலையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, பின்னால் ஒருத்தி நிற்பதையே மறந்துவிடுவார்கள். பிடிக்காதவர்கள்தான் கண்ணாடியை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்து, மரியாதையாகச் சிரித்து, நல்லா இருக்கு என்பார்கள். கத்தரி பிடித்த முதல் வருஷமே அவள் இதைத் தெரிந்துகொண்டுவிட்டாள். தெரிந்துகொண்டோம் என்பதைக்கூட அவள் நினைத்ததில்லை.

இன்னும் கொஞ்சம் குறைப்பதற்காகச் சீப்பை வைத்தவள் அப்படியே நின்றாள்.

"என்ன?" என்றார் நர்ஸ்.

"ஒண்ணுமில்ல. ரெண்டு வாரமா அடுத்தவங்க நாற்காலியில உக்காந்துக்கிட்டு இருந்தேன். இப்பத்தான் தெரியுது."

அன்று வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போது யோசித்துப் பார்த்தாள். டிரைவருக்குக் காத்திருப்பது வரும். பெரியத்தானுக்குச் சத்தம் வரும். அண்ணிக்கு மௌனம். அவர்கள் யாரும் அதற்காகச் சிரமப்படுவதில்லை. நாளெல்லாம் செய்கிற வேலையைத்தான் மேசையிலும் செய்கிறார்கள். அவளுக்கு வருவது என்ன? பேச்சு வரும். பேசிக்கொண்டே பார்ப்பது வரும். ஒரேயடியாக வெட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது வரும். ஏனென்றால் அதிகமாக வெட்டிய முடியை ஒட்டவைக்க முடியாது. முகத்தை மறைப்பது மட்டும் வராது. வராவிட்டால் என்ன? எல்லா முகத்தையும் எல்லா நேரமும் காட்டிக்கொண்டே இருந்தால் எது நிஜம் என்று யாருக்குத் தெரியப்போகிறது?

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முன்னறையிலேயே நடந்தது. கடிகாரக்காரர் காலி செய்துவிட்டுப் போயிருந்தார். கடிகாரங்கள் தொங்கிய இடங்களில் சுவரில் வெளிறிய வட்டங்கள் மட்டும் இருந்தன. நடுவில் மடக்கு மேசையைப் போட்டு, மாமனார் சீட்டுக் கட்டோடு உட்கார்ந்தார். அன்று சீட்டுப் போடுவது அவர் வேலை. பொத்தான்கள் மூன்று சம பங்காகப் பிரிக்கப்பட்டன. டிரைவர் ஜன்னல் பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தான். வேடிக்கை பார்க்கிறவன் பேசக் கூடாது என்பது விதி. அவன் மனைவியைப் பார்த்து உதட்டின் மேல் விரலை மட்டும் வைத்துக் காட்டினான்.

ரேடியோ தன் முதல் இரண்டு சீட்டையும் பார்த்தாள். "ஐயோ, இதைப் பாருங்க. ஒண்ணு கிழக்க பாக்குது, ஒண்ணு மேற்க பாக்குது. சம்பந்தமே இல்ல. என்னையும் உங்க தம்பியையும் மாதிரி. சரி, இருக்கேன். அண்ணி, அந்தப் பச்சைப் பாவாடை தெச்சு முடிச்சாச்சா? அத்தான், ஃபேன் போடட்டுமா, உங்களுக்கு வேர்க்குதே."

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் நிறுத்தவே இல்லை. நல்ல சீட்டு வந்தாலும் புலம்பினாள், கெட்ட சீட்டு வந்தாலும் புலம்பினாள். சில சமயம் இரண்டுக்கும் சந்தோஷப்பட்டாள். காது சிவந்தது, ஆனால் காலையிலிருந்தே சிவந்துதான் இருந்தது. கை சும்மா இருக்க முடியாமல் பொத்தான்களை நிறம் பிரித்துக் கலைத்து மறுபடி பிரித்துக்கொண்டிருந்தது. பந்தயத்தில் மட்டும் சிறியதாகப் போட்டாள். மேசையில் மூன்று சீட்டு திறந்ததும் இருவர் முகத்தையும் பார்ப்பாள். யாராவது தன் சீட்டையும் பொத்தானையும் மறுபடி பார்த்துக்கொண்டால் கவிழ்த்துவிடுவாள். யாரும் பார்த்துக்கொள்ளவில்லை என்றால் இரண்டு பொத்தான் ஏற்றுவாள். பெரும்பாலும் அதுவே போதுமானதாக இருந்தது. அவளுடைய பொத்தான் குவியல், வாரப்படாத முடிபோல, யாரும் கவனிக்காத நேரத்தில் வளர்ந்துகொண்டிருந்தது.

பெரியத்தானுக்கு எரிச்சல் ஏறியது. அவருடைய உறுமலுக்கு இந்தப் பக்கம் பயமே இல்லை. அவர் ஏற்றினால் அவள் "ஏத்துங்க அத்தான், ஏத்துங்க, வண்டி நல்லா இழுக்குது" என்று சொல்லிவிட்டுக் கவிழ்த்துவிடுவாள்.

ஒரு கையில், அதாவது ஒரு சுற்றில், மேசைமேல் ஒரு ராஜா, ஒரு ஏழு, ஒரு மூன்று திறந்தன. அடுத்து ஓர் எட்டு வந்தது. அண்ணி முன்னமே கவிழ்த்துவிட்டார். பெரியத்தான் ஓர் அள்ளு அள்ளி நடுவில் போட்டார்.

"அத்தான்," என்றாள் ரேடியோ, "சொன்னா கேளுங்க. எங்கிட்ட ஏழும் எட்டும் இருக்கு. ரெண்டு ஜோடி. நீங்க வீட்டுக்குப் பெரியவரு, உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு?"

"ஆமா, ஆமா. போன கையில உங்கிட்ட நாலு ராணி இருக்குன்னே."

"அது போன கை."

"அப்ப இது நிஜம்னு நான் நம்பணும்."

"நம்பாட்டி என்ன பண்றது, நான் சொல்லிட்டேன்."

பெரியத்தான் சிரித்துக்கொண்டே மிச்சம் இருந்த மொத்தத்தையும் முன்னால் தள்ளினார். ரேடியோ, "இருக்கேன்" என்றாள். மாமனார் கடைசிச் சீட்டைத் திறந்தார். அது யாருக்கும் ஆகாத ஒரு இரண்டு. பெரியத்தான் பெருமையாகக் கையிலிருந்த ராஜாவைப் போட்டார். மேசையில் இருந்ததோடு சேர்த்து அவருக்கு ஒரு ஜோடி ராஜா. ரேடியோ ஏழையும் எட்டையும் போட்டாள். இரண்டு ஜோடி, ஒரு ஜோடி ராஜாவை அது அடித்துவிடும்.

"அவ சொன்னாளேடா," என்றார் மாமனார்.

"சொன்னா. சொன்னா." பெரியத்தான் தன் காலியான இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். "முப்பது வருஷமா கார் விக்கிறேன். வண்டியில இருக்கிற குறையை ஒருத்தன் முன்கூட்டியே சொன்னா நான் நம்பினதே இல்ல." எழுந்து டிரைவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். "நகருடா. இனிமே இதுதான் பாக்கணும்."

அண்ணி லேசில் விடவில்லை. எதிரே ஒருத்திதான் என்று ஆனதும் அவருடைய உதடு இன்னும் இறுகியது. ரேடியோவின் கேள்விகளுக்குத் தலையசைப்புதான் பதில். சிறுகச் சிறுகச் சேர்ந்ததை அண்ணி நிதானமாக, அளந்து அளந்து வாங்கினார். ஜன்னல் வெளிச்சம் சுவரின் ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டத்துக்கு நகர்ந்தது. இருவரின் குவியலும் ஏறக்குறைய சமமாயின. ரேடியோவிடம் ஒரு பிடி அதிகம், அவ்வளவுதான்.

அந்தக் கையில் ரேடியோவுக்கு ஒன்பதும் ஜாக்கியும் வந்தன. "ஜாக்கி வந்திருக்கான், குதிரையைக் காணோம்," என்றாள். மேசையில் முதலில் ஒரு பத்து, ஒரு ஆறு, ஒரு இரண்டு. பத்தும் ஆறும் ஹார்ட்டின். அண்ணி ஏற்றினார், ரேடியோ இருந்தாள். அடுத்து ஓர் ஒன்பது. அவளுக்கு ஒரு ஜோடி ஒன்பது சேர்ந்தது. அண்ணி மறுபடி ஏற்றினார், மறுபடி இருந்தாள். கடைசியாக மாமனார் ஸ்பேடு ஏஸைத் திறந்தார்.

அண்ணி தன் முன்னால் இருந்த மொத்தப் பொத்தான்களையும் இரண்டு கையாலும் அணைத்து, துணியைத் தள்ளுவதுபோல, சத்தமில்லாமல் நடுவுக்குத் தள்ளினார்.

டிரைவர் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தான். அவனாக இருந்தால் எப்போதோ கவிழ்த்திருப்பான். அண்ணியிடம் ஒரு ஏஸ் இருந்தாலும் போச்சு, ஒரு பத்து இருந்தாலும் போச்சு. இதில் தோற்றால் அவளிடம் மிஞ்சுவது அந்த ஒரு பிடி. முன்னறை போய்விடும். அடுத்த மாதம் தலை அலசும் தொட்டிதான்.

ரேடியோ பொத்தான்களைக் கலைத்தாள். பிரித்தாள். எதிரே இருந்த வெளிறிய வட்டங்களில் பெரியதைப் பார்த்தாள். கண்ணாடி மாட்ட அதுதான் சரியான இடம் என்று காலையிலேயே நினைத்துவைத்திருந்தாள்.

"அண்ணி," என்றாள், "இந்த ரூம் வந்தா மிஷினை எங்க போடுவீங்க?"

அண்ணி தலையசைக்கவில்லை. வாயைத் திறந்தார்.

"ஜன்னலோரமாப் போடலாம்னு இருக்கேன். வெளிச்சம் நல்லா வரும்." நிமிர்ந்து ரேடியோவின் முகத்தை நேராகப் பார்த்தார். சிரித்தார். மரியாதையான, இதமான சிரிப்பு. "அந்த மூலையில உனக்கும் ஒரு கண்ணாடி மாட்டிக்கலாம்மா. எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. நீ நல்லாத்தான் ஆடின."

ரேடியோவின் கை பொத்தான் மேலேயே நின்றது.

அண்ணி தன் சீட்டைப் பார்க்கவில்லை. நடுவில் மலைபோல் கிடந்த பொத்தானையும் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை பேர் இதே சிரிப்போடு அவளை நிமிர்ந்து பார்த்திருக்கிறார்கள். நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று.

"இருக்கேன் அண்ணி," என்றாள். அதைச் சொல்லும்போது அவளுடைய குரல் தண்ணீர்போல் தெளிவாக இருந்தது.

அண்ணியின் சிரிப்பு மெல்ல இறங்கியது. சீட்டைத் திருப்பிப் போட்டார். ராஜாவும் ராணியும், இரண்டும் ஹார்ட்டின். மேசையில் மூன்றாவது ஹார்ட்டின் ஒன்று வந்திருந்தால் ஐந்தும் ஒரே இனமாகச் சேர்ந்து யாராலும் தொட முடியாத கையாகியிருக்கும். வரவில்லை. வராத சீட்டுக்காகக் காத்திருந்த ராஜாவும் ராணியும் ஜோடி இல்லாமல் கிடந்தார்கள்.

ரேடியோ தன் ஒன்பதைக் காட்டினாள்.

"ஒரு ஜோடி ஒன்பதா?" என்றார் பெரியத்தான். "அதை வெச்சுக்கிட்டா மொத்தத்துக்கும் இருந்த? ஏஸும் பத்தும் கெடக்கு அங்க. எனக்கே கை வராதேம்மா."

டிரைவர் எழுந்து வந்து மனைவியின் பின்னால் நின்றான். குனிந்து, மேசையிலிருந்து உருண்டு விழுந்த ஒரு பொத்தானை எடுத்து அவளுடைய குவியலின் உச்சியில் வைத்தான்.

மாமனார் சீட்டுகளை அடுக்கிக் கட்டினார். "சரி," என்றார். "யாரு பெட்டியைத் தூக்கறது?"

கண்ணாடியைப் பெரியத்தானும் டிரைவரும் தூக்கிவந்தார்கள். பெரிய வட்டத்தின்மேல் அது சரியாக உட்கார்ந்தது. முடிவெட்டும் நாற்காலியின் ஒரு பக்கத்தை அண்ணி பிடித்தார். வேண்டாம் அண்ணி என்று சொன்னதற்கு, "விதின்னா விதி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். காத்திருப்பவர்கள் உட்கார்வதற்குப் பெரியத்தான் ஒரு பழைய காரின் பின்சீட்டைக் கழற்றிக் கொண்டுவந்து போட்டார். பெல்ட்டுகூட இருந்தது. "உன் பேச்சுல யாரும் விழுந்துடக் கூடாதில்ல," என்றார். முதலாளியம்மாவிடம் ரேடியோ மரியாதையாகவே சொல்லிக்கொண்டு வந்தாள். அரை மணி நேரம் சொல்லிக்கொண்டாள். முதலாளியம்மா கடைசியில் அவளை வாசல்வரை வந்து விட்டுவிட்டுத்தான் போனார்.

கடை திறந்த அன்று நர்ஸ் வருவதற்கு முன்பே அண்ணி வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ரேடியோ கழுத்தில் துணியைக் கட்டினாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லு," என்றார் அண்ணி. "எங்கிட்ட ஒண்ணும் இல்லேன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"சொல்றேன் அண்ணி, அதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க," என்று ரேடியோ ஆரம்பித்தாள். கார் சீட்டு வந்த கதையைச் சொன்னாள். டிரைவர் இப்போது ஸ்டாப் இல்லாத இடத்திலும் ஆள் ஏற்றுகிறான் என்று சொன்னாள். தண்ணீர் மோட்டார், எதிர்வீட்டு நாய், அண்ணியின் தலையில் இருக்கும் இரண்டு சுழி என்று எல்லாவற்றையும் பற்றிச் சொன்னாள். கேட்டதை மட்டும் சொல்லவில்லை. அவள் வாழ்நாளில் சொல்லாமல் வைத்துக்கொண்ட முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

வெட்டி முடித்துத் துணியை உதறினாள். அண்ணி கண்ணாடியைப் பார்த்தார். பிறகு திரும்பி அவளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"நல்லா இருக்கு."

ரேடியோ கத்தரியை மறுபடி எடுத்தாள். "உக்காருங்க அண்ணி. வலது பக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கு."